பூர்வகுடி ஆய்வியல் படிக்க வெளிநாடு செல்ல விரும்புகிறேன், வழி கூறுங்கள்

கேள்வி: மூணாற்றுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். மூணாறு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்து, கோவையில் சமூகவியல் முதுகலை முடித்திருக்கிறேன். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக இடமலைக்குடி 2010இல் அமைந்த செய்தியைப் படித்தது முதல், அங்கு வாழும் முதுவான் பழங்குடி மக்களின் நில உரிமையை முறையாக ஆராய வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. பூர்வகுடி ஆய்வியலைத் தனித்துறையாகவே நடத்தும் கனடாவிலோ நார்வேயிலோ சேர விரும்புகிறேன். நான் பழங்குடியைச் சேர்ந்தவள் அல்லள். அது தடையாகுமா? செலவுக்கு என்ன வழி?

பதில்: பாலக்காட்டு வாசகர்

தங்கைக்கு வணக்கம். பிறப்பு தடையாகாது, ஆனால் நீங்கள் யார், எந்த மண்ணில் நின்று பேசுகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். விண்ணப்பக் கட்டுரையில் அதை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் லயம் இருக்கும் கண்ணன் தேவன் மலையை 1877இல் பூஞ்ஞார் அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டில் முதுவான்களுக்கு என்ன இடம் இருந்தது, பிறகு கூலிக்கு அழைத்து வரப்பட்ட உங்கள் முன்னோருக்கு என்ன இடம் கிடைத்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கும் தகுதி, அங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நிறையவே உண்டு.

கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகம் 1969 முதல் இத்துறையை நடத்துகிறது. ஆல்பர்ட்டாவில் இதற்கென்று தனிப் புலமே இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோவில், வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் நிலப்பகுதியிலேயே, ஆங்கிலவழி ஈராண்டு முதுகலை உண்டு. முன்பு அங்கே கட்டணம் இல்லை. 2023 இலையுதிர்ப் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர் கட்ட வேண்டும். எங்கு விண்ணப்பித்தாலும் நெறியாளராக வரக்கூடியவருக்கு முதலிலேயே கடிதம் எழுதிவிடுங்கள்.

பதில்: கூடலூர் ஆசிரியர்

உதவித்தொகை பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். தம் மக்களைப் பற்றியே எழுத நினைக்கும் பிள்ளைகளின் வாயை அடைக்கும் அந்த விதி எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நீங்கள் அத்தொகையை நம்பியிருந்தால் நடப்பு ஆண்டு விதிகளை வரி விடாமல் படியுங்கள். இல்லையெனில் பல்கலைக்கழகமே தரும் நிதியைத் தேடுங்கள். கனடாவில் ஆசிரியர் உதவியாளர் பணியோடு இடம் கிடைப்பது உண்டு.

பதில்: அகத்தியமலை அடிவாரத்துக்காரர்

மகளே, பணத்துக்கு முன்னால் அனுமதியைப் பற்றி யோசித்துக்கொள். எங்கள் மலையில் 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்கள், நடைக்களைப்புத் தீர ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு என்ற ஊரில் உள்ள தாவர ஆய்வகம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. அதைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடுதான். ஆனாலும், செடியின் குணத்தை ஆய்வாளர்களிடம் சொன்ன இளைஞர்களுக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டா என்று காணி வைத்தியர்களில் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

கனடாவின் முதற்குடிகள், தங்களைப் பற்றிய தரவு தங்களுக்கே உரியது, தங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதை நெறியாகவே வகுத்திருக்கிறார்கள். நீ அங்கே படிக்கப் போவதும் அதைத்தான். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே வனத்துறை அனுமதியோடு முதுவான்களின் ஊரான குடிக்குச் சென்று, மூப்பன்மாரிடமும் பெண்களிடமும் தனித்தனியே உட்கார்ந்து, எதை ஆராய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கேள். அவர்கள் வேண்டாம் என்றால் தலைப்பை மாற்றிக்கொள்.

மூணாற்றுப் பெண்

மூவருக்கும் நன்றி. குடிக்குச் சென்று பேசிய பிறகே நெறியாளருக்கு எழுதுகிறேன்.