60 சதவீத மானியம் என்பதால் 7.5 ஹெச்பி சோலார் பம்ப் எடுக்கலாமா? அணைக்கட்டுப் பக்கம் யாராவது போட்டிருக்கிறீர்களா?

முள்கத்தரி:

வணக்கம். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா. இலவம்பாடிக்கு இரண்டு ஊர் தள்ளி எங்கள் கொல்லை. மொத்தம் இரண்டேகால் ஏக்கர். அதில் அரை ஏக்கர் முள் கத்தரி. (2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கத்தரிதான்.) மீதியில் வேர்க்கடலையும் மாட்டுக்குத் தீவனமும்.

கிணறு 55 அடி. கரண்ட் இல்லை. இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது, எங்கள் வரிசை எண் இன்னும் வரவில்லை. அதனால் ஆயில் இன்ஜின்தான். அது கிணற்றுக்குள் 25 அடி கீழே, பாறையில் வெட்டிய மேடையில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா படியில் இறங்கிப் போய் ஹேண்டில் சுற்றிவிட்டு, புகை சூழ்வதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். அவருக்கு 63 வயது. வலது தோள் தூக்க வரவில்லை. நான் ராணிப்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற நாளில், இடது கையாலேயே சுற்றப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அம்மா மேலே நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், அப்பா குரல் கொடுக்கிற வரைக்கும்.

டீசல் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் போகிறது. அந்தச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் படிதான் பயம்.

சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் உண்டு என்கிறார்கள். எந்த ஹெச்பி எடுத்தாலும் அதே சதவீதம்தான், அப்புறம் எதற்குச் சின்னது, 7.5 எடு என்று ஒருவர் சொன்னார். எங்கள் பங்குப் பணத்துக்குப் பொய்கைச் சந்தையில் இரண்டு மாட்டைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். பட்டா தாத்தா பெயரில், சித்தப்பாவும் சேர்ந்த கூட்டுப் பட்டா. இதில் சிக்கல் வருமா? இன்னொன்று, பிஎம் குசும் (இந்த மானியத் திட்டத்தின் பெயராம்) என்று போனுக்கு ஒரு லிங்க் வந்தது. பதிவுக் கட்டணம் 5,600 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

குடியாத்தம் கிணற்றடி:

தம்பி, முதலில் அந்த 5,600-ஐக் கட்டாதீர்கள். அந்த லிங்க்கை அழித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் 5 ஹெச்பி போட்டு மூன்று கோடை பார்த்துவிட்டேன். எனக்கும் உங்களைப் போலத்தான் ஆசை இருந்தது, மானியம் கிடைக்கும்போதே பெரியதாக வாங்கிவிடலாம் என்று. என் கிணற்றில் பங்குனி வந்தால் ஊற்று மெல்லியதாகிவிடும். காலை எட்டரைக்கு மோட்டார் எடுக்கும், பத்தரைக்குள் கிணறு காலி. தண்ணீர் இல்லாமல் ஓடக் கூடாது என்று கன்ட்ரோலர் தானாக நிறுத்திவிடும். தண்ணீர் மறுபடி ஊறி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். நல்ல வெயில் நேரம் முழுக்கப் பேனல் சும்மா நிற்கும். 3 ஹெச்பி போட்டிருந்தால் ஊறுகிற தண்ணீரைச் சீராக நாள் முழுக்க எடுத்திருக்கும். ஆயில் இன்ஜினை ராத்திரியில்கூட ஓட்டலாம். சோலாருக்குப் பகல் மட்டும்தான், அதை மனதில் வையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கரண்ட் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சூடு ஏற ஏற உற்பத்தி கொஞ்சம் இறங்கும். சித்திரையில் மத்தியானம் பேனலைத் தொட்டால் கை சுடும். தூசியும் படியும். நான் வாரம் ஒரு நாள் விடியற்காலையில் வெறும் தண்ணீரும் பழைய வேட்டியும் வைத்துத் துடைக்கிறேன். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டித் தண்ணீர் மட்டத்தை அளந்து முடிச்சுப் போடுங்கள். இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி அளங்கள். நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை அடி ஏறுகிறது என்று சாயங்காலம் வரை எழுதுங்கள். இதை மே மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது. எத்தனை ஹெச்பி என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

ஒரு குறையையும் சொல்கிறேன். ஒரு ஏப்ரலில் என் கன்ட்ரோலர் போய்விட்டது. கம்பெனி ஆள் வர 19 நாள் ஆயிற்று. ஐந்து வருடப் பராமரிப்பு விலையிலேயே அடக்கம், ஆனாலும் நாம்தான் விடாமல் போன் செய்ய வேண்டியிருந்தது. அந்த 19 நாளும் பழைய இன்ஜின்தான் பயிரைக் காப்பாற்றியது. உங்கள் இன்ஜினை உடனே விற்றுவிடாதீர்கள்.

பொறியியல் பிரிவு (ஓய்வு):

வேளாண் பொறியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

பிஎம் குசும் 2019-இல் வந்தது. அதில் மூன்று பிரிவு உண்டு. உங்களுக்கானது இரண்டாவது, அதாவது கரண்ட் இல்லாத கிணற்றுக்குத் தனி சோலார் பம்ப். மத்திய அரசு 30, மாநில அரசு 30, விவசாயி 40 சதவீதம். தனி விவசாயிக்கு மத்திய அரசின் பங்கு 7.5 ஹெச்பி வரைக்கும்தான் கணக்கு. ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்புச் சிறு குறு விவசாயிகளுக்கு மாநில அரசு கூடுதலாகத் தருகிறது. சதவீதம் ஒன்றுதான், ஆனால் 7.5-இன் நாற்பது சதவீதமும் 3-இன் நாற்பது சதவீதமும் ஒன்றல்லவே. அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

பலர் இதை வீட்டுக்கூரை சோலாருடன் குழப்பிக்கொள்கிறார்கள். பிஎம் சூர்ய கர் என்று 2024-இல் வந்தது வேறு. அதில் முதலில் நீங்கள் பணம் போட்டு அமைத்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். பம்ப்செட்டில் அப்படி இல்லை. உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும், மானியம் கம்பெனிக்கு நேராகப் போய்விடும். அந்தப் பங்கும் துறை வழியாகத்தான் கட்ட வேண்டும். யாராவது கையில் ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள். போலி குசும் தளங்களைப் பற்றி மத்திய அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது.

மின் இணைப்பு வரிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். முன்பு சோலார் வாங்கினால் அந்த வரிசை மூப்பை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரச் சொன்னார்கள். அப்புறம் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். விண்ணப்பத்தோடு வைக்கிற இசைவுக் கடிதத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியாத வரியை அலுவலகத்திலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பட்டாவைத்தான் முதலில் சரி செய்யணும். தாத்தா இல்லையென்றால் வாரிசுச் சான்று எடுத்து, சித்தப்பாவோடு பேசிப் பாகம் பிரித்து உங்கள் அப்பா பெயருக்கு மாற்றப் பாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் போதுமா என்று எங்கள் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சிட்டா, அடங்கல், புல வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அங்கேயே கேளுங்கள், அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

உங்கள் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். மேலே வைக்கிற மோட்டார் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சத் திணறும், அப்புறம் அதையும் அந்த மேடையிலேயே வைக்கச் சொல்வார்கள். அப்பா மறுபடி படி இறங்க வேண்டி வரும்.

கே.வி.குப்பம் செல்வி:

தம்பி, மாட்டை விற்காதீங்க. கத்தரிக்கு எருவுக்கு எங்கே போவீங்க? உங்கள் 40 சதவீதத்தில் 30 வரைக்கும் பேங்க் கடனாக வாங்கலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. பத்துதான் கையிலிருந்து போடணும். நான் அப்படித்தான் போட்டேன். மேனேஜர் முதலில் தெரியாது என்றார். விதிமுறையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன், பிறகு கொடுத்தார்.

சொட்டு நீருக்கும் சேர்த்தே எழுதிக் கொடுங்க. சிறு குறு விவசாயிக்கு அது நூறு சதவீத மானியம். பாத்தியில் விடுகிற அளவுக்குத் தண்ணீர் ஆகாது, சின்ன மோட்டாரே போதும். எனக்கு முக்கால் ஏக்கர் கத்தரியும் மிளகாயும் 3 ஹெச்பியில் ஓடுகிறது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு வந்தால் தண்ணீர் பாய்ந்திருக்கும்.

பேனல் வைக்கிற இடத்தில் புளிய மரத்து நிழல் சாயங்காலம் எதுவரை வருகிறது என்று பாருங்க. எங்களுக்கு ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்ததற்கே தண்ணீர் பாதியாகிவிட்டது. கிளையை வெட்டினோம்.

முள்கத்தரி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த லிங்க்கை அழித்துவிட்டேன்.

இன்று காலை கிணற்றை அளந்தோம். ஒரு மணி நேரத்தில் ஒன்பது அடி இறங்கியது. ஏறுவதற்குச் சாயங்காலம் நாலரை வரை ஆயிற்று, அப்போதும் ஒரு அடி பாக்கி. இது மாசி மாதம்தான். அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மூணே போதும்டா" என்றார். சித்தப்பா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம், பட்டா விஷயமாக. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போகவில்லை.

செல்வி அக்கா, அந்த விதிமுறை அச்சு உங்களிடம் இருந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டினீர்கள் என்று சொல்ல முடியுமா?