0.1 வோல்ட் என்றால் பெட்ரோல் போதவில்லையா?

செந்தூல்வாசி: ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டில் அசையாமல் நின்றால் கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), உடனே பெட்ரோல் பம்பை மாற்றுங்கள் என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தச் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால், எரியாத காற்று முழுவதும் அப்படியே வெளியேறி, சென்சாரை லீன் என்று சொல்ல வைக்கும். சென்ற மாதம் என் காரிலும் 0.1தான், மூன்றாவது பிளக்கைக் கழற்றினால் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டியது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றியதும் சரியாயிற்று.

பட்டர்வொர்த் போர்மன்: தீர்ப்பு எழுதியவன் நான்தான், தம்பி. 22 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். 0.45க்குக் கீழே லீன், மேலே ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். லீன் என்று சொல்லும் பி0171 பிழைக்குறி விழுந்து, ஃபியூல் டிரிம், அதாவது காரின் கணினி கூட்டித் தரும் பெட்ரோல் அளவு, 20 விழுக்காட்டைத் தாண்டினால் பம்புதான்.

செந்தூல்வாசி: 22 ஆண்டுகளில் எத்தனை நல்ல பம்புகளைக் கழற்றி எறிந்தீர்களோ! ஐடிலில் (கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 20 காட்டும் டிரிம், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3க்கு இறங்கினால் அது எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்துக் கசிவு. பம்பு தளர்ந்திருந்தால், கெந்திங் மலை ஏறுவதுபோல் சுமை கூடக் கூடத்தான் டிரிம் மேலே போகும்.

பிறைக்காரன்: நீங்கள் இருவரும் லீன் என்பது காற்று 14.7க்குப் பெட்ரோல் 1 என்ற கணக்கையா, சென்சார் காட்டுவதையா? அதோடு, அந்தக் கசிவுக் கணக்கு, உள்ளே போகும் காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சார் உள்ள காருக்குத்தான் சரியாக வரும்; இன்டேக்கின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள காரில் பெரும்பாலும் ஐடில் ஏறுமே தவிர, டிரிம் அவ்வளவாக மாறாது.

பட்டர்வொர்த் போர்மன்: ரோன் 97 ரகப் பெட்ரோல் ஊற்றினால் எந்தக் காரும் பறக்கும் என்று தீபாவளி நேரத்தில் மூன்று நாள் வாதாடியவர் இந்தச் செந்தூல்வாசிதான் என்பதைப் புதியவர்கள் அறிந்துகொள்வது நல்லது. 0.1 என்றால் லீன்.

செந்தூல்வாசி: ரோன் 97ஐ இழுப்பவர், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விட்டாலும் வெளிக்காற்று புகுந்து இதே 0.1 வரும் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார். லீன் என்றால் என் பிளக் ஏன் நனைந்திருந்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஐயா.

பிறைக்காரன்: நான் கேட்டதற்கும்தான்.

பட்டர்வொர்த் போர்மன்: உங்கள் பிளக்கை இங்கே யாரும் பார்க்கவில்லை. 0.1 என்றால் லீன்.

செந்தூல்வாசி: படத்தைப் போன மாதமே போட்டேன். அதன் கீழே, "காயிலைப் பாருங்கள்" என்று எழுதியவரே நீங்கள்தான்.

பட்டர்வொர்த் போர்மன்: அது வேறு கார்.