கூழில் இருக்கும் ஃபைட்டிக் அமிலமும் பாடப்புத்தகத்தில் வரும் ஐபி-3 உம் உறவா?

கேள்வி: செங்கம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 67 வயது. காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் சுண்டல் என்று வாழ்நாள் முழுவதும் சாப்பிட்டவர், மூன்று மாதமாக இரண்டையும் தொடுவதில்லை. கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளிதான் காரணம். தானியத்திலும் பயறிலும் ஃபைட்டிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது, அது எலும்பிலுள்ள கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று அதில் சொன்னார்களாம். இப்போது காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் காபியும்தான். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்த நேரத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஹார்மோன் பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில், ஹார்மோனின் செய்தியை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் இரண்டாம் நிலைத் தூதுவர் என்று ஐபி-3, அதாவது இனோசிட்டால் டிரைபாஸ்பேட், வருகிறது. ஃபைட்டிக் அமிலத்தின் இன்னொரு பெயர் இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட் என்று அவளே கண்டுபிடித்துவிட்டு, "பாட்டி நஞ்சு என்கிறார், புத்தகம் தூதுவர் என்கிறது, எது உண்மை அம்மா?" என்று கேட்கிறாள். நான் கணக்கு ஆசிரியை. தெரிந்தவர்கள் விளக்கினால் மூன்று தலைமுறைக்கும் உதவியாக இருக்கும்.

பதில் 1: கணையத்தோடு பதினோரு ஆண்டுகள்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மகள் கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. நான் ஓய்வு பெறும்வரை ஆய்வகத்தில் எலியின் கணைய உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவன். அதனால் கணையத்தை வைத்தே சொல்கிறேன்.

இனோசிட்டால் என்பது ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம். ஆறு மூலைகளிலும் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. ஆறிலும் ஒட்டியிருந்தால் ஐபி-6, அதுதான் ஃபைட்டிக் அமிலம். 1, 4, 5 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஒட்டியிருந்தால் உங்கள் மகளின் ஐபி-3. எத்தனை பாஸ்பேட், எந்த மூலையில் என்பதை வைத்து உயிரணு ஒவ்வொன்றையும் தனித்தனிச் சொல்லாகப் படிக்கிறது.

1953இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளில், நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசெட்டைல்கோலினைச் சேர்த்தபோது, செல் சவ்வின் கொழுப்புகளில் பாஸ்பேட் வேகமாகச் சேர்வதைக் கண்டார்கள். அதன் பொருள் விளங்க முப்பது ஆண்டுகள் ஆயின: அந்தச் சவ்வுக் கொழுப்புகளில் ஒன்று உடையும்போது வெளிவருவதுதான் ஐபி-3. 1983இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ட்ஸ் ஆகியோர் எலியின் கணைய உயிரணுக்களின் சவ்வில் துளையிட்டு, உள்ளே ஐபி-3ஐச் சேர்த்தார்கள். உள்ளே சேமித்து வைத்திருந்த கால்சியம் வெளியே கொட்டியது. அந்தச் சேமிப்புக் கிடங்குதான் எண்டோபிளாச வலை.

அதை நான் என் கண்ணால் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். உயிரணுவில் ஃபியூரா-2 என்ற சாயத்தை ஏற்றினால், கால்சியம் குறைவாக உள்ள இடம் திரையில் நீலமாகவும், மிகுந்த இடம் சிவப்பாகவும் தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். அசெட்டைல்கோலின் பட்டதும், செரிமான நொதிகள் பொட்டலம் பொட்டலமாகக் காத்திருக்கும் முனை முதலில் மஞ்சளாகிச் சிவக்கும். பிறகு அந்தச் சிவப்பு அலையாக மறுமுனைக்கு ஓடும். முதல் நாள் பார்த்தபோது குறிப்பேட்டில் எழுத மறந்து நின்றுவிட்டேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எதைச் சாப்பிட்டாலும், அதைச் செரிக்கும் நொதிகளைக் கணையம் சுரப்பது இந்த ஐபி-3இன் சொல் கேட்டுத்தான். ஆனால் கூழிலுள்ள ஐபி-6 உடலுக்குள் போய் இந்தத் தூதுவராக மாறுவதில்லை. மின்சுமை மிகுந்த அந்த மூலக்கூறு சவ்வைத் தாண்டாது. நம் உடல் தனக்கு வேண்டிய இனோசிட்டாலைக் குளுக்கோஸிலிருந்தே செய்துகொள்கிறது, பெரும்பங்கு சிறுநீரகத்தில்.

பதில் 2: ஊட்டச்சத்து ஆலோசகர்

ஐயா சொன்னதோடு உணவுப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். அந்தக் காணொளியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஐபி-6 குடலில் இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு, அவை உடலில் சேரவிடாமல் செய்யும். ஆனால் அந்த உணவிலுள்ளதைத்தான் பிடிக்கும். எலும்பில் உள்ளதை வந்து உருவுவதில்லை.

தீங்கு வருவது உணவு ஒரே வகையாகச் சுருங்கும்போது. 1961இல் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஈரானில் ஷிராஸ் பகுதி இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். 21 வயது ஆள் பத்து வயதுச் சிறுவனைப் போல இருந்தார். புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவர்களுடைய உணவு, இறைச்சி அரிது. துத்தநாகக் குறைபாடு மனிதருக்கும் வரும் என்று உலகம் அறிந்துகொண்டது இந்த வழியில்தான்.

"புளிக்க வைக்காத" என்பதைக் கவனியுங்கள். தானியத்துக்குள்ளேயே ஃபைட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. ஊறவைத்து முளைகட்டினால் அது விழித்துக்கொண்டு பாஸ்பேட்டுகளைக் கழற்றத் தொடங்கும். மாவு புளித்து அமிலத்தன்மை கூடினால் அதன் வேலை இன்னும் சுலபம். கூழ் மாவை இரவில் கரைத்துப் புளிக்க விட்டவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: கேழ்வரகை முதலில் வறுத்துவிடாதீர்கள். சூட்டில் அந்த நொதி செத்துவிடும், ஆனால் ஃபைட்டிக் அமிலம் சூட்டை நன்றாகவே தாங்கும். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்ட பிறகு, நிழலில் உலர்த்தி, கடைசியாக இலேசாக வறுத்து அரையுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதை விட்டுவிட்டு ரொட்டியும் காபியும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். வைட்டமின் சி இருந்தால் பயறிலுள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். காபி உணவோடு வேண்டாம், அதுவும் இரும்பைத் தடுக்கும்.

பதில் 3: தம்பிக்காக வாசிப்பவன்

என் தம்பி இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுத்துக்கொள்கிறான். இனோசிட்டால் பாஸ்பேட்டிலிருந்து கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை லித்தியம் தடுக்கிறது என்று படித்தேன். இப்போது கடையில் கிடைக்கும் இனோசிட்டால் பொடியை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார் ஓர் உறவினர். கொடுக்கலாமா?

பதில் 4: கணையத்தோடு பதினோரு ஆண்டுகள்

தம்பி, நீங்கள் படித்தது சரி. ஆனால் லித்தியத்தின் பலன் அந்த ஒரு நொதியால்தானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மருந்து வேலை செய்யும் இடத்திலேயே இன்னொரு பொடியைப் போடுவது விளையாட்டல்ல. மனநல மருத்துவரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள்.

செங்கம் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வறுக்காமல் ஊறவைக்க வேண்டும் என்று என் மாமியாரும் சொல்வார்" என்று ஒரு படி கேழ்வரகை அவரே எடுத்து ஊறப்போட்டுவிட்டார். மகளுக்கு ஒரு கேள்வி மிச்சம்: தூது சொன்ன பிறகு ஐபி-3 என்ன ஆகும்?

பதில் 5: கணையத்தோடு பதினோரு ஆண்டுகள்

இரண்டு வழி உண்டு, பாப்பா. ஒன்றில் பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வெறும் இனோசிட்டாலாகி, மறுபடி சவ்வில் போய்ச் சேரும். மேலே லித்தியம் தடுப்பதாகச் சொன்னது இந்த வழியின் கடைசிப் படியை. இன்னொன்றில் பாஸ்பேட்டுகள் மேலும் மேலும் ஏறி ஐபி-6 ஆகும். ஆம், பாட்டி பயந்த அதே ஐபி-6, கூழிலிருந்து வராமல் உன் உயிரணுவே செய்தது. அது அங்கே புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. எச்ஐவி வைரஸ் தன் உள்ளோட்டைக் கட்டும்போது நம் உயிரணுவின் இந்த ஐபி-6ஐத்தான் எடுத்துக்கொள்கிறது என்று 2018இல் காட்டினார்கள். பாட்டியின் கேழ்வரகு முளைவிட்டதும் ஒரு வேர்நுனியைக் கிள்ளி உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்.