'அபேற்': எங்கள் காணி வழக்கும் ஒரு ஆங்கிலச் சொல்லும்

ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மம்மாவின் காணிக்காகப் பெரியப்பா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். இடையில் அவர் பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஒருவரும் வழக்குப் பக்கம் போகவில்லை. பிறகு சட்டத்தரணியிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வழக்கு 'அபேற்' (abate) ஆகிவிட்டது என்று ஒரேயொரு வரி.

நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அகராதியில் 'குறைதல், தணிதல்' என்று இருந்தது. முதல் சொல்லை எடுத்துக்கொண்டு, "வழக்குக் குறைஞ்சு போச்சாம் அம்மம்மா" என்றேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தினை பரப்புக் குறைச்சவையாம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடிதம் காணி உறுதிகளோடு அலுமாரிக்குள் போய்விட்டது. நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு பரப்பும் குறையவில்லை, வழக்கே அற்றுப்போயிருந்தது என்று. அந்த நாலு மாதம் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

உங்களில் யாருக்காவது இந்தச் சொல்லோடு அனுபவம் உண்டா?

கோண்டாவில் ரீச்சர்:
உண்டு. ஒரு பிள்ளை கட்டுரையில் வெங்காய விலை அபேற் ஆனது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடு போட்டேன். "ஏன் ரீச்சர் பிழை?" என்று கேட்டாள். "விலை தணிஞ்சது எண்டு நாங்கள் சொல்லுறமோ?" என்று திருப்பிக் கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். காற்றுத் தணியும், காய்ச்சல் தணியும், கோபம் தணியும். விலை இறங்கும், எடை குறையும். மூர்க்கமாக எழுந்த ஒன்று வேகம் அடங்குவதற்குத்தான் அபேற் பொருந்தும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை வளவெல்லாம் நிரப்பியபோது எப்போது தணியும் என்று பார்த்திருந்தோமே, அந்தத் தணிதல்தான். தமிழில் பழகிய காதுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும், அகராதிதான் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புகிறது.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அடித்து வீழ்த்துதல் என்று பொருள். விலைக் கழிவைக் குறிக்கும் 'றிபேற்' (rebate) கூட அதே வேர்தான். உங்கள் வழக்கு 'விழுந்தது' என்று எடுத்துக்கொண்டால் சரியாக வரும்.

பருத்தித்துறை, சட்டத்தரணி ஒருவரின் எழுதுவினைஞர்:
எங்களிடமும் இப்படிக் கடிதத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 402ஆம் பிரிவு அது. வழக்காளி எடுக்கவேண்டிய நடவடிக்கையை எடுக்காமல் 12 மாதத்துக்கு மேல் போனால், மாவட்ட நீதிமன்றம் வழக்கு அற்றுப்போனதாகக் கட்டளையிடலாம். ஆனால் 403இன் கீழ் அதை நீக்கக் கேட்கலாம். தொடர முடியாமற்போனதற்குப் போதிய காரணம் காட்டவேண்டும், நியாயமான காலத்துக்குள் கேட்கவும் வேண்டும். கடிதத்தை அலுமாரியில் வைப்பதுதான் ஆபத்து.

அப்புறம், 'அபெற்' (abet) என்று வேறொரு சொல் இருக்கிறது. குற்றத்துக்கு உடந்தையாயிருத்தல் என்று அர்த்தம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

முதலில் எழுதியவர்:
ரீச்சருக்கும் உங்களுக்கும் நன்றி. நாங்களும் அந்த வழியில்தான் போனோம். பெரியப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாவற்றையும் பெரியம்மா ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்திருந்தார். அவற்றைக் காட்டித்தான் கட்டளையை நீக்குவித்தோம். வழக்கு மறுபடி கூப்பிடப்பட்ட அன்று அம்மம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி, கடிதத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.