ஆர்னசனின் நவீனக் கலை வரலாறு, 1968 பதிப்பு: பழைய பிரதி வாங்கலாமா?

கோடும்_நிறமும்
ஹெச். ஹெச். ஆர்னசன் எழுதி நியூயார்க் ஏப்ரம்ஸ் 1968இல் வெளியிட்ட நவீனக் கலை வரலாறு பழைய புத்தகக் கடை ஒன்றில் இருக்கிறது. 600 ரூபாய் சொல்கிறார்கள். மேலுறை இல்லை, முன் அட்டை முதுகோடு சேரும் இடத்தில் விட்டிருக்கிறது, திறந்தால் பூசண வாடை. நடுவில் நாலைந்து தாள் ஒட்டிக் கிடக்கிறது. ஓவியர் மத்தீஸின் 'வாழ்வின் களிப்பு' கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது. வண்ணத்தாள் கழன்று போயிருக்குமோ? வாங்கலாமா?

தூரிகைக்காரன்
அந்த ஓவியம் கறுப்பு வெள்ளையில் இருப்பது குறை இல்லை. அது அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளையிடம் இருக்கிறது. தங்கள் ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட அவர்கள் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1990களுக்கு முந்தைய புத்தகங்களில் அதை வண்ணத்தில் தேட வேண்டாம். தாள் குறைகிறதா என்று அறிய, புத்தகத்தில் உள்ள வண்ணப்படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் படத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுப்பவர்கள் உண்டு. முதுகை ஒட்டி விரல் அகலத்தில் தாள் நின்றால் அதுதான் அடையாளம்.

உள்ளடக்கத்தில் சில இடங்களைப் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் போட்டிருக்கும். 1981இல் அது ஸ்பெயினுக்குப் போய்விட்டது, 1992 முதல் மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலேவிச்சின் 'கறுப்புச் சதுர'த்துக்குப் பழைய புத்தகங்களில் 1913 என்றிருக்கும். அது மலேவிச் தானே சொல்லிவந்த ஆண்டு. வரைந்ததும், பெத்ரோகிராத் கண்காட்சியில் முதலில் வைத்ததும் 1915இல். காந்தின்ஸ்கியின் முதல் அரூப (உருவங்களைக் காட்டாத) நீர்வண்ண ஓவியம் 1910 என்பதையும் இன்று பலர் 1913 என்றே கொள்கிறார்கள். யார் முதலில் அரூபத்துக்கு வந்தார் என்ற வாதமே இந்த ஆண்டுகளில் தொங்குவதால் இதை விட்டுவிடாதீர்கள். புகைப்படக் கலை 1986 பதிப்பில்தான் தலைப்பிலேயே இடம் பிடித்தது. கியூபிசம், சிற்பம், கட்டடக் கலைக்கு 1968 பிரதி இன்றும் உருப்படியானது.

தாள்வைத்தியம்
ஒட்டிய தாளைப் பிரிக்க முயலாதீர்கள். ஆர்ட் பேப்பரின் மினுமினுப்பு வெள்ளைக் களிமண்ணும் பசையும் சேர்ந்த பூச்சு. நனைந்தால் இளகும், அழுத்தத்தில் காய்ந்தால் இரண்டு தாளும் ஒன்றாகிவிடும். இழுத்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு பிய்ந்து வரும். ஒட்டிய பக்கங்கள் எவை என்று முன்பின் எண்களை வைத்துக் கண்டுபிடித்து, அந்தப் படங்கள் இல்லாமல் உங்களுக்கு ஓடுமா என்று முடிவு செய்யுங்கள்.

பூசணத்தை உலர்ந்த மென்தூரிகையால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் உறங்குகிறது, ஈரமாக இழுபட்டால் உயிரோடு இருக்கிறது. எப்படியிருந்தாலும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல், மூடிபோட்ட டப்பாவில் ஈரம் உறிஞ்சும் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் வையுங்கள். நன்றாக உலர்ந்தபின் வெளியே நிழலில், என்95 முகக்கவசம் போட்டு, முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தூரிகையால் தள்ளுங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். அந்துருண்டை போட்டால் வாடைக்கு மேல் வாடைதான்.

ராமபாணப் பூச்சி ஓட்டை இருந்தால், உலர்ந்த புத்தகத்தை இரட்டைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணி நேரம் உறையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்தால் இருக்கிற நல்ல பக்கங்களும் ஒட்டிக்கொள்ளும்.

கோடும்_நிறமும்
மிக்க நன்றி. அட்டையைச் சாதாரண பைண்டரிடம் கொடுக்கலாமா?

தாள்வைத்தியம்
கொடுக்கலாம், மூன்று விஷயம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஓரம் வெட்டக் கூடாது. பக்கவாட்டில் துளைபோட்டுத் தைக்கக் கூடாது. தைத்தால் இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தின் நடுப்பகுதி தையலுக்குள் போய்விடும். பசையில் மயில்துத்தம் சேர்க்கக் கூடாது. பூச்சி வராதுதான், ஆனால் அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். வெறும் மைதாப் பசை போதும். செல்லோடேப் பக்கமே போக வேண்டாம். திரும்பி வந்ததும் அலமாரியில் படுக்கையாக வையுங்கள், இந்தக் கனத்துக்கு நிற்க வைத்தால் கட்டு மறுபடி தொங்கிவிடும்.

தூரிகைக்காரன்
ஒட்டிய தாள்களைக் காட்டி 400 கேளுங்கள். வண்ணப்படம் எல்லாம் சரியாக இருந்தால் 600க்கே எடுத்துவிடுங்கள்.