புதுப்பிப்பு: பயணத்தில் வயிற்றுப்போக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசலின் அளவு

வெளியூரில் சாப்பிட்டு வயிறு கெட்டால் என்ன செய்வது என்ற முந்தைய பதிவில், "ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அது தப்பு. சரியான அளவு: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு தலைதட்டி அரைத் தேக்கரண்டி. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறும்; குழந்தைகளுக்கு அது ஆபத்து. சர்க்கரை கூடினால் குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும். பாட்டில் பழச்சாறு உதவாததும் இதனால்தான்.

கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (இதே கரைசலுக்கான தயார்நிலைத் தூள்) பொட்டலம்தான் முதல் தேர்வு. சிலது 1 லிட்டருக்கு, சிலது 200 மில்லிக்கு; உறையைப் படியுங்கள். பாதிப் பொட்டலம், பாதி நீர் என்று பிரிக்காதீர்கள், தூள் சீராகக் கலந்திருக்காது. வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு, மறுபடி சிறு மடக்குகளாகக் குடிக்கலாம். கரைத்து 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் வேண்டாம், நேராக மருத்துவரிடம்.

உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வெளியே வெகுநேரம் கிடந்த சோற்றைத் திரும்பச் சுடவைத்தாலும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விட்டுச்சென்ற, வாந்தி வரவைக்கும் நச்சு அழியாது. ஆவி பறக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.