பின்னால் வரும் கால்தான் தட்டுகிறது: முதியவர்கள் தடை தாண்டுவதில் கவனித்தவை

பிசியோதெரபி செய்பவர்:
பெரியவர் ஒருவர் இடறி விழுந்தால், "காலைத் தூக்கி வைத்திருக்கக் கூடாதா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். பயிற்சி அறையில் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். முதலில் தாண்டும் கால் பெரும்பாலும் நன்றாகவே உயர்கிறது. அடிக்கடி தட்டுவது பின்னால் வருகிற கால். முதல் கால் கண்ணுக்குத் தெரிகிறது, கடைசி நொடியில்கூடத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது கால் கடக்கும்போது உடலுக்குப் பின்னால் இருக்கிறது. தடை எவ்வளவு உயரம் என்ற நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தூக்க வேண்டியிருக்கிறது.

சமதளத்தில் நடக்கும்போது, வீசும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி 1 முதல் 2 செ.மீ. தான். இளைஞருக்கும் ஏறக்குறைய இதேதான். வயது ஏறும்போது சராசரி அதிகம் மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் வேறுபாடு கூடுகிறது. ஏதோ ஒரு அடி மட்டும் தாழ்ந்து போகும், அந்த அடியில் மிதியடியின் சுருண்ட ஓரம் இருந்தால் போதும். கண்ணில் நன்றாகப் படும் 10 செ.மீ. தடைக்கு எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள். கண்ணில் படாத ஒரு செ.மீ. தான் என்னைப் பொறுத்தவரை அதிக ஆபத்து.

அடுத்தது, பாதம் ஊன்றும் இடம். வயதானவர்கள் தடையருகே வேகத்தைக் குறைத்து அடியைச் சுருக்குகிறார்கள். அதனால் தாண்டிய காலின் குதிகால் தடையை ஒட்டியே இறங்குகிறது, சில நேரம் அதன் மேலேயே இறங்கிவிடுகிறது. இதற்குப் பயந்து தடையை முட்டிக்கொண்டு நின்றால், பின்கால் மேலெழும்போது விரல் மாட்டும். ஊன்றி நிற்கும் காலின் விரலுக்கும் தடைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம்.

மெதுவாகத் தாண்டினால் போதும் என்பதும் பாதிதான் சரி. மெதுவாகத் தாண்டுகிறவர் ஒற்றைக்காலில் அதிக நேரம் நிற்கிறார். அப்போது இடுப்பைச் சரியாமல் பிடிப்பது இடுப்பின் பக்கத் தசை. அது தளர்ந்திருந்தால் உடல் பக்கவாட்டில் சாயும். பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராக இடுப்பெலும்பில் படுகிறது.

கண் பரிசோதனைத் துறையில் இருப்பவர்:
இதில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பைஃபோகல், ப்ரோக்ரெஸிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி கையருகே வைத்துப் படிப்பதற்கானது. தரை அதைவிட வெகு தொலைவில் இருப்பதால், அந்த வழியாகப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கிவிடும், ஆழமும் சரியாகத் தெரியாது. 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அடிக்கடி வெளியே போய்வரும் முதியவர்களுக்குத் தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி கொடுத்தபோது விழுவது குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களிடம் வெளியிடத்தில் விழுவது கூடியது. ஆகவே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட முடியாது. தினமும் நடக்கப் போகிறவர் கேட்டால் நிச்சயம் சொல்வேன். ப்ரோக்ரெஸிவ்தான் போடுவேன் என்பவர் படியில் தாடையை நன்றாகத் தாழ்த்தி, கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும்.

பார்வையை எடுக்கும் நேரமும் முக்கியம். விழும் அபாயம் உள்ள முதியவர்கள், பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே அடுத்த இடத்துக்குக் கண்ணைத் திருப்பிவிடுகிறார்கள். "கால் ஊன்றிய பிறகு பாருங்கள்" என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

முதியோர் பராமரிப்பில் இருப்பவர்:
மேலே இருவரும் சொன்னதோடு பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே பேச முடியாமல் நின்றுவிடுகிறவர்களைப் பற்றி 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. அதில் அப்படி நின்றவர்கள் 12 பேர். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நடை அவர்களுக்குத் தானாக வருவதில்லை, முழுக் கவனத்தையும் கேட்கிறது. ஆகவே நிலைப்படி வரும்போது நாம் வாயை மூடிக்கொள்வதே உதவி.

கையைப் பிடித்து முன்னாலிருந்து இழுக்காதீர்கள். அவர் தரையை விட்டு நம் முகத்தைப் பார்ப்பார். பலவீனமான காலின் பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். இரண்டு கையாலும் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குத் தன் பாதமே தெரியாது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கட்டுமானத்தில் இருப்பவர்:
நிலைப்படியை எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் சாய்தளம் போடலாம், உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் வேண்டும். 2 செ.மீ. படிக்கு 24 செ.மீ. நீளம். படி விளிம்பில் நிறம் மாறிய பட்டை ஒட்டுகிறவர்கள் அதைச் சற்று உள்தள்ளி ஒட்டிவிடுகிறார்கள். கண் அந்தப் பட்டையையே விளிம்பென்று எடுத்துக்கொள்ளும், பாதம் தவறும். பட்டை விளிம்பின் நுனியிலேயே தொடங்க வேண்டும். படிகளில் ஒன்று மட்டும் உயரம் மாறியிருந்தால் அது இன்னும் மோசம், ஏனெனில் முதல் இரண்டு படியிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிவிடும்.

பிசியோதெரபி செய்பவர்:
வீட்டில் பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு: சமையல் மேடையை ஒட்டி, ஒரு கை மேடைமேல் இருக்கும்படி செய்யுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை, இரண்டு சுற்று. குதிகால் ஊன்றி விரல்களை மட்டும் தூக்குவதும் அதே கணக்கு. விரல் தரையில் உரசாமல் காப்பது, இப்போது வேலை செய்யும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசைதான். பிறகு ஒற்றைக்காலில் 10 நொடி.

தாண்டும் பயிற்சியைத் தரையில் ஒட்டிய டேப்பில் தொடங்குங்கள். அடுத்து மடித்த துண்டு, அதன் பிறகு 10 செ.மீ. உயரக் காலி அட்டைப்பெட்டி. கால் பட்டால் நகர்ந்துவிடும் பொருளாகவே இருக்க வேண்டும், மரக்கட்டை வேண்டாம். மூன்று பெட்டிகளைச் சமமில்லாத இடைவெளியில் வைத்தால் அடியை முன்கூட்டியே திட்டமிடும் பழக்கம் வரும். முதல் கால் தாண்டிய பிறகு இரண்டாவது காலின் முழங்காலை வேண்டுமென்றே மடக்கித் தூக்கச் சொல்லுங்கள். இடக்கால் முதலில், வலக்கால் முதலில் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம்தான் தேறும்.

திடீரென்று ஒரு பாதம் மட்டும் தொங்கி, விரல் தரையில் உரசத் தொடங்கினால் அது வயதால் வருவதல்ல. பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலிலும் வழுக்கும் சாக்ஸிலும் செய்யக் கூடாது. குதிகாலைப் பிடிக்கும், மெல்லிய கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளட்டும்.